ஓய்வுக்கால உலாவுக்கு ஏடிவி: எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா?

பணி ஓய்வு பெற்ற மறுவாரமே மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது. மலேசியாவின் ஜோகூரில், கோத்தா திங்கியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிளைச்சாலையில் அவருக்கு 12 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. பாதி செம்பனை, மீதி டுரியான், வேலியோரத்தில் நாலைந்து ரம்புத்தான். "அத்தான், இனி உங்களுக்கு என்ன வேலை? மாசத்துக்கு ரெண்டு தடவ வந்து தங்குங்க. ஆளுக்குப் பாதி போட்டு ஒரு ஏடிவி வாங்கிடுவோம்" என்றார். கரடுமுரடான தடத்தில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டிதான் ஏடிவி. துறைமுகத்தில் 31 வருடம் பாரந்தூக்கி ஓட்டியவனை இப்படிக் கூப்பிட்டால் எப்படி மறுக்க முடியும்? சரி என்று சொல்லிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

யோசனை ஐந்து மாதம் நீண்டது. அதில் முதல் மாதம் முழுக்க வீண். நான் எஞ்சினிலிருந்து தொடங்கியதுதான் காரணம். 450 சிசியா, 570-ஆ, 700-ஆ? போலாரிஸா, யமஹாவா, ஹோண்டாவா? சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியில் குதிரைத்திறன் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னிடம் யாராவது கேட்டால் அந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வேன். வண்டி எந்தத் தடத்தில் ஓடப்போகிறது, அதில் ஏறி இறங்கப்போகிற உடம்பு எப்படி இருக்கிறது, கூட உட்காரப்போவது யார் என்று பார்த்த பிறகு எஞ்சினுக்கு வரலாம்.

தடம் என்று வந்தால், சிங்கப்பூருக்குள் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பதிவு எண் இல்லாத மோட்டார் வண்டி சாலையில் இறங்க முடியாது. சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புகளிலும் நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பது மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் வகையறாவை மட்டும்தான். அவற்றுக்கே 20 கிலோ எடை, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்று வரம்பு. 300 கிலோ ஏடிவி இந்தக் கணக்கு எதிலும் வராது. மலேசியாவிலும் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது, தனியார் நிலத்துக்குள் ஓட்டிக்கொள்ளலாம். ஆகவே ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சொந்தத்திலோ உறவிலோ நிலம் உள்ளவர்களுக்குத்தான் 'எதை வாங்குவது' என்ற கேள்வியே எழும். மற்றவர்களுக்கு வாடகை வண்டி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மணி நேர வாடகை கற்றுக்கொடுத்தது

வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மச்சானும் நானும் தெசாரு பக்கம் ஓர் இடத்துக்குப் போனோம். இளம் வயதில் பத்து வருடம் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவன் நான். நாலு சக்கரம் இருக்கிறது, விழாது, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பு இருபது நிமிடம் தாங்கியது.

முதலில் கட்டைவிரல். மோட்டார் சைக்கிளில் கைப்பிடியை முறுக்கினால் வேகம் கூடும். ஏடிவியில் வலது கைப்பிடியை ஒட்டி ஒரு சின்ன லீவர் இருக்கும். அதைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். குண்டும் குழியுமான தடத்தில் உடம்பைத் தூக்கிப் போடும்போது கை தன்னையறியாமல் முறுக்கிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் விரல் மூட்டு தேய்ந்தவருக்கு அது தண்டனை. அரை மணி நேரத்தில் எனக்கு விரலின் அடி கல்லாக இறுகிவிட்டது. அன்று இரவு என் சட்டைப் பொத்தானை மனைவிதான் கழற்றிவிட்டாள். லீவரின் விறைப்பு வண்டிக்கு வண்டி மாறும். கடைக்குப் போனால் எஞ்சினை அணைத்துவைத்து, லீவரைப் பாதி அழுத்தி, ஐந்து நிமிடம் அப்படியே பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்தது கால். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவனுக்கு வேகம் குறைந்தால், வண்டி சாய்ந்தால், கால் தானாகத் தரையைத் தேடும். ஏடிவியில் இது ஆபத்து. பின்சக்கரம் பாதத்துக்கு நேர் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு மேட்டுத் திருப்பத்தில் வண்டி லேசாக ஒருக்களித்ததும் என் இடது கால் கீழே போய்விட்டது. டயர் காலணியின் குதியைக் கவ்வி இழுத்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த வழிகாட்டிப் பையன் திரும்பிப் பார்த்து "காக்கி! காக்கி!" என்று கத்தினான். மலாயில் கால் என்று பொருள். காலை உள்ளே இழுத்துவிட்டேன். குதியில் அந்தக் கறுப்புத் தேய்மானம் இன்னும் இருக்கிறது. பந்தய வகைக் குவாட்களில் (ஏடிவிக்கு இன்னொரு பெயர்) கால் வைக்க ஒரு குச்சிப்படியும் வலையும்தான் இருக்கும். தோட்ட வேலைக்கான வகையில் பாதம் முழுவதும் பதியும் அகலத் தட்டு இருக்கும். நம் வயதுக்கு முதல் வகையைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம்.

அப்புறம் உயரம். யமஹா கிரிஸ்லி 700-இன் இருக்கை தரையிலிருந்து சுமார் 92 சென்டிமீட்டர். இந்த எண் காகிதத்தில் ஒன்றும் சொல்லாது. உங்கள் வீட்டுச் சமையல்மேடையின் பக்கத்தில் போய் நில்லுங்கள். அது அநேகமாக 85 சென்டிமீட்டர் இருக்கும். அதற்கும் மேலே, காலைச் சுற்றிப் போட்டு உட்கார வேண்டும். பாதி வழியில் இடுப்பு பிடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். யமஹா கோடியாக் 450, போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 இரண்டும் சுமார் 86. ஹோண்டா ரீகான் 250 சுமார் 79. கிரிஸ்லிக்கும் ரீகானுக்கும் உள்ள இந்த 13 சென்டிமீட்டர் வித்தியாசம் எந்தக் குதிரைத்திறனைவிடவும் உங்கள் காலைப்பொழுதை அதிகம் தீர்மானிக்கும்.

சின்னது, நடுவானது, பெரியது

சின்ன வகைக்கு ஹோண்டா ரீகானையே எடுத்துக்கொள்வோம். 229 சிசி, காற்றால் குளிரும் எஞ்சின், பின்சக்கர இழுவை மட்டும், எடை 200 கிலோவுக்குள். அகலம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும், ஆகவே மரவரிசைக்குள் எங்கும் நுழையும். பள்ளத்தில் சிக்கினால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்திவிடலாம். பழுது பார்க்கக் கோத்தா திங்கியில் எந்த மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கும் போதும். எனக்கு இந்த வண்டி மீது ஒரு பாசம் உண்டு. ஆனால் இதன் பின் ஆக்ஸில் ஒரே தண்டு. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும், ஒன்று கல்லில் ஏறினால் வண்டியின் பின்பக்கம் முழுதும் ஏறி இறங்கும். திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாய்த்துத்தான் திருப்ப வேண்டும். அந்தக் குலுக்கல் நேராக முதுகுத்தண்டின் அடியில் போய் உட்காரும். 40 வயதில் இதுதான் வேடிக்கை. 64-இல், வட்டு விலகலுக்கு ஒரு முறை மருத்துவமனைக்குப் போய் வந்தவனுக்கு, இது இல்லை.

நடுவானவற்றில், அதாவது 420-லிருந்து 570 சிசி வரை, நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் கிடைக்கிறது. கோடியாக் 450, ஸ்போர்ட்ஸ்மேன் 570 இரண்டிலும் அப்படி. ஹோண்டா ரான்சர் 420-இல் பார்த்து வாங்க வேண்டும். ஒரே தண்டு உள்ளதும் உண்டு, தனித்தனி சஸ்பென்ஷன் உள்ளதும் உண்டு, பெயர் ஒன்றே. இந்த வகையில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லும் ஒரு வசதி பவர் ஸ்டீயரிங். காரில் இருப்பதுபோல வண்டியை நிறுத்தித் திருப்புவதற்கான வசதி என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையான பயன் வேறு. முன்சக்கரம் மறைந்திருக்கும் வேரில் மோதும்போது கைப்பிடி வெடுக்கென்று திரும்பி மணிக்கட்டை அடிக்கும். அந்த அடியை அது வாங்கிக்கொள்கிறது. வாடகை வண்டியில் அது இல்லை. மச்சானின் பக்கத்துத் தோட்டக்காரர் வைத்திருந்த 570-இல் இருந்தது. ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்ததால் தெரிந்தது.

கியரிலும் ஒரு வித்தியாசம் உண்டு. போலாரிஸ், யமஹா, கேன்-ஆம், சிஎஃப்மோட்டோ எல்லாம் பெல்ட்டில் ஓடும் தானியங்கி. எளிது, ஆனால் ஆழமான தண்ணீரில் இறங்கி பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் வழுக்கும். ஹோண்டா பெல்ட்டைத் தொடுவதில்லை. உண்மையான பல்சக்கர கியர், சில வகைகளில் பொத்தானை அழுத்தி மாற்றலாம். இறக்கத்தில் எஞ்சினே பிடித்து இறக்கும் சுகம் ஹோண்டாவில் இயல்பாக வரும். மற்றவற்றில் அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் செம்மண் சரிவில், மழை பெய்த மறுநாள், பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும்.

700-உம் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு அதிக நேரம் செலவிட மாட்டேன். உலாப் போகிறவன் மணிக்கு 15, 20 கிலோமீட்டரைத் தாண்டப் போவதில்லை. பெரிய எஞ்சினின் சூடு கால்களுக்கு நடுவே. ஜோகூர் வெயில் தலைக்கு மேலே. போதும்.

எந்த அளவானாலும் டயர் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஏடிவி டயருக்குக் காற்று மிகக் குறைவு, பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐ. பெட்ரோல் நிலையத்து அளவுமானியில் அந்த எண் சரியாகத் தெரியவே தெரியாது. கார் டயர் மாதிரி 30 அடித்துவிட்டால் வண்டி பந்தாகக் குதிக்கும். குறைந்த அழுத்தம் காட்டும் சின்ன மானி ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டமாக இருந்தால் ஓட்டை அடைக்கும் திரியும் கூடவே இருக்கட்டும். வெட்டிப் போட்ட மட்டையின் அடித்தண்டில் வரிசையாக முள் இருக்கும், அது டயரைப் பார்த்துக் காத்திருக்கும்.

பின்னால் யார்?

இதுவரை சொன்னதெல்லாம் தனியாக ஓட்டுகிறவருக்கு. ஆனால் ஓய்வுக்காலம் என்றால் வீட்டில் இருவர். "என்னங்க, நீங்க வண்டியில சுத்துவீங்க, நான் அங்க உக்காந்து ரம்புத்தான் உரிச்சுக்கிட்டு இருக்கணுமா?" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அவளுக்கு வலது முழங்காலில் மாற்று மூட்டு.

சாதாரண ஏடிவியின் நீளமான இருக்கையைப் பார்த்தால் இரண்டு பேர் உட்காரலாம்போல இருக்கும். உட்காரக் கூடாது. அந்த நீளம் ஓட்டுகிறவர் மேட்டில் முன்னாலும் இறக்கத்தில் பின்னாலும் நகர்வதற்காக வைத்தது. பின்னால் ஒருவர் இருந்தால் மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். தோட்டங்களில் மூன்று பேர்கூடப் போவதைப் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இருவருக்கென்றே செய்த ஏடிவிகளும் இருக்கின்றன. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங் 570, கேன்-ஆம் அவுட்லேண்டர் மேக்ஸ் போன்றவை. சட்டம் நீளம், பின் இருக்கை உயர்த்தி வைத்திருக்கும், முதுகுச் சாய்வும் கைப்பிடியும் உண்டு. ஓடும்போது பின்னால் இருப்பவருக்கு நல்ல காட்சி. சிக்கல் ஏறுவதில்தான். ஓட்டுகிறவர் இருக்கையைவிட அது உயரம். மனைவி ஒரு நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தாள். ஏறிவிட்டாள். இறங்கும்போது என் தோளைப் பிடித்த பிடியில் நகக்குறி பதிந்தது. "இது வேணாம்" என்றாள். அதோடு அந்த வரியை அடித்தேன். முழங்கால் நன்றாக இருக்கும் தம்பதியாக இருந்தால், என் பட்டியலில் இதுதான் முதலிடத்தில் வந்திருக்கும்.

மீதம் இருந்தது சைட்-பை-சைட். பெயர் சொல்வதுபோல இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் குட்டி ஜீப். ஸ்டீயரிங் சக்கரம், காலால் அழுத்தும் ஆக்ஸிலரேட்டர், இருக்கைவார், தலைக்கு மேலே இரும்புக்கூண்டு. என் கட்டைவிரலுக்கு விடுதலை. தளம் ஏறக்குறைய முட்டி உயரத்தில் இருக்கும், அதற்கும் ஏற வேண்டும்தான், ஆனால் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, திரும்பி உட்கார்ந்துவிடலாம். காலைச் சுற்றிப் போட வேண்டியதில்லை. சாய்ந்தால் உடம்பைக் கொண்டு சமாளிக்கத் தேவையில்லை, வார் போட்டிருந்து கையையும் காலையும் கூண்டுக்கு உள்ளேயே வைத்திருந்தால் கூண்டு காப்பாற்றும். வார் போடாவிட்டால் அதே கூண்டு எமன். பின் தட்டில் உரமூட்டை ஏற்றலாம் என்பதால் மச்சானுக்கும் கண்ணில் ஒளி. டுரியான் பருவத்தில் தலைக்கு மேல் ஒரு கூரை இருப்பதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

குறை என்ன? விலை அதிகம், எடை அதிகம், சிக்கினால் கையால் தள்ள முடியாது. முக்கியமான குறை அகலம். தோட்டத்தின் நடுவே ஒரு வாய்க்கால், அதன் மேல் பலகைப் பாலம். அதைத் தாண்டினால்தான் டுரியான் பகுதி. மச்சான் ஒரு முனையிலும் நான் மறு முனையிலுமாக நாடாவைப் பிடித்து அளந்தோம்: 138 சென்டிமீட்டர். ஸ்போர்ட்ஸ்மேன் போன்ற ஏடிவிகள் 122 அளவில் இருப்பதால் போகும். போலாரிஸ் ரேஞ்சர் 570 சுமார் 147, போகவே போகாது. ஹோண்டா பயனியர் 520 மட்டும் 50 அங்குலத்தில் செய்தது, அதாவது 127 சென்டிமீட்டர். பக்கத்துக்கு ஐந்தரை சென்டிமீட்டர் மிச்சம். கப்பலின் பெட்டி அடுக்கில் 40 அடிப் பெட்டியை இதைவிடக் குறைந்த இடைவெளியில் இறக்கியிருக்கிறேன். ஆனால் அப்போது நான் மேலே கண்ணாடி அறையில் இருந்தேன், பெட்டிக்குள் மனைவி இல்லை.

வாங்காமலே இருந்தால்?

வாடகைக் கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பார்த்தேன். மாதம் இரண்டு தடவை, வருடத்துக்கு 24 என்று மச்சான் சொன்னார். நான் உண்மையில் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கடவுச்சீட்டைப் புரட்டினால் போன வருடம் 11. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசல், பேரப்பிள்ளையின் தேர்வு, பாலிகிளினிக் தேதி, பள்ளி விடுமுறைக் கூட்டம். எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும். காரில் போவதென்றால் 2025 ஜூலையிலிருந்து விஇபி (மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி) இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். அந்த அனுமதியை எடுப்பது ஒவ்வொரு தடவையும் செய்யும் வேலை இல்லை. நாங்கள் போன இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 150 ரிங்கிட் வாங்கினார்கள். 11 தடவை, இரண்டு பேர் என்றால் வருடத்துக்கு 3,300. புதிய வண்டிக்குப் பல பத்தாயிரங்கள் ஆகும். பணக்கணக்கில் வாடகைதான் ஜெயிக்கும், பல வருடத்துக்கு ஜெயிக்கும்.

அதோடு நிறுத்தி வைத்த வண்டி சும்மா இருக்காது. இரண்டு வாரம் கழித்துப் போனால் பேட்டரி சோர்ந்திருக்கும். எலி வயரைக் கடித்திருக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் காய்ந்த சேறு அடுத்த ஓட்டத்தில் எஞ்சினைக் கொதிக்க வைக்கும். தோட்டத்தில் தினமும் ஒருவர் வண்டியை எடுத்து ஓட்டினால்தான் அது உயிரோடு இருக்கும். மச்சான் இல்லாவிட்டால் நான் வாங்கியிருக்க மாட்டேன், இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. நிலம் இல்லாதவர், வருடத்துக்கு ஐந்தாறு தடவை போகிறவர், இந்தோனேசியாவின் பிந்தானில் லகோய் பக்கமோ தெசாருவிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். வழிகாட்டிக்குப் பின்னால் வாத்துக்கூட்டம் மாதிரி வரிசையில் போக வேண்டும், வண்டிகளும் அடிபட்டவை, அது ஒன்றுதான் குறை. போவதற்கு முன் பயணக் காப்புறுதியின் விலக்குப் பட்டியலைப் படித்துவிடுங்கள். சாலையல்லாத இடத்தில் மோட்டார் வண்டி ஓட்டி விழுந்தால் பணம் தராத திட்டங்கள் உண்டு.

பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. என் பழைய வேலைத் தோழர் வருடத்தில் மூன்று மாதம் பெர்த்தில் மகன் வீட்டில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் இத்தகைய வண்டிகளுக்கென்று தனிப் பதிவும், ஓட்டுவதற்கென்று ஒதுக்கிய இடங்களும் உண்டு; பெர்த்துக்கு வடக்கே லான்சலின் மணல்மேடுகள் அவற்றில் பெயர் பெற்றவை. ஆனால் அங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கவிழ்ந்து நசுங்கிச் சாகிறவர்கள் அதிகம் என்பதால், 2021 அக்டோபரிலிருந்து புதிய பண்ணைக் குவாட் ஒவ்வொன்றிலும் ஓட்டுகிறவரைக் காக்கும் வளைவுக்கம்பி இருந்தாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அதை ஏற்காமல் ஹோண்டா, யமஹா முதலிய நிறுவனங்கள் அங்கே குவாட் விற்பனையையே நிறுத்திவிட்டன. பண்ணைக்காரர்கள் பலர் சைட்-பை-சைடுக்குப் போனார்கள். இந்தச் செய்தியைத் தோழர் சொன்னபோதுதான் என் மனமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. மூன்று சக்கர ஏடிவிகளுக்கு நேர்ந்ததும் இதுதான். ஹோண்டா 1970-இல் தொடங்கிவைத்த அந்த வகை, கவிழ்ந்து கவிழ்ந்து, 1988-இல் அமெரிக்க விற்பனையிலிருந்தே மறைந்தது.

முகத்தில் காற்று பட்டால் போதும், மண்ணும் மேடும் வேண்டாம் என்பவர்களுக்கு இங்கேயே மின்சைக்கிள் இருக்கிறது. 250 வாட், மிதித்தால் மட்டும் உதவும், 25 கிலோமீட்டரில் மோட்டார் நின்றுவிடும். எண் பலகை வேண்டும், இணையத்தில் எழுத்துத்தேர்வும் உண்டு. கோப்பிக்கடை நண்பர் ஒருவர் 70 வயதில் எழுதித் தேறினார். விடிகாலையில் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்து எங்களுக்கெல்லாம் கோப்பி வாங்கித் தருகிறார். நடமாட முடியாதவர்களுக்கான நான்கு சக்கர உதவிச் சாதனத்தை உலாவுக்கு வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அதன் வேக வரம்பை 10-லிருந்து 6 கிலோமீட்டராகக் குறைத்து, மருத்துவச் சான்று கேட்கும் சட்டம் 2025-இல் நிறைவேறியது. கால் வழங்காதவருக்கான வண்டி அது, விட்டுவிடுவோம்.

வயதைப் பற்றியும் ஒன்று. இங்கே 65 ஆனால் ஓட்டுநர் உரிமத்துக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். தோட்டத்துக்குள் ஓட்ட உரிமம் கேட்பவர் யாரும் இல்லை. இருந்தாலும் அந்தப் பரிசோதனையில் தேறுகிற வரைக்கும்தான் தோட்டத்திலும் ஓட்டுவது என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எழுதிக் கொடுக்கச் சொன்னாள், கொடுத்தேன்.

கடைசியில் பழைய வண்டிதான் பார்த்தோம், இரண்டு வருடம் ஓடிய ஒரு பயனியர். பழையது வாங்குகிறவர்கள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வண்டியின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் தகட்டைக் குனிந்து பாருங்கள். மேலே எவ்வளவு மெருகு போட்டாலும் அது பொய் சொல்லாது. எங்களுடையதில் நீளமாக ஒரு கீறல், ஆழமில்லை. முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் தளர்ச்சி தெரியும். தெரிந்தது, அதைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்தார் மச்சான். அந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மனைவி தானே ஏறி, தானே வாரைப் போட்டு, தானே இறங்கினாள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "சீட்டுக்கு ஒரு துணி உறை தைக்கணும், வெயில்ல சுடும்" என்றாள்.

முன்பணம் கொடுத்தாயிற்று. வண்டி இன்னும் விற்கிறவரிடமே இருக்கிறது. வாய்க்கால் பாலத்தை 2 மீட்டர் அகலமாக்கி, இரு பக்கமும் அரை அடி விளிம்புக்கட்டை வைக்க, செங்கால் மரப் பலகைக்குச் சொல்லியிருக்கிறார் மச்சான். மழைக்காலத்துக்கு முன் முடித்துத் தருவதாகத் தச்சர் சொல்கிறார். அவர் போன மாதமும் அதையேதான் சொன்னார்.